தேடியவர் கிடைக்காதபோது: தொழில்நுட்பக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, ஏறக்குறைய ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. டீம் உறுப்பினர்களின் விவரங்களைத் தேடித் தரும் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) இன்று பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதற்கு ஆவணம் எழுதும் பொறுப்பு பெரும்பாலும் டீமில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களின் கேள்விகள் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக டெவலப்பராக வேலை செய்கிறேன். ஊழியர் எண், மின்னஞ்சல் முகவரி, பெயர் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் அந்த உறுப்பினரின் விவரங்களைத் திருப்பித் தரும் ஏபிஐ ஒன்றை எங்கள் டீம் உருவாக்கியிருக்கிறது. எண்ட்பாயிண்ட் (ஏபிஐயை அழைக்கும் இடம்) முகவரி, அனுப்ப வேண்டியவை, திரும்பி வரும் ஃபீல்டுகள் (பெயர், தொலைபேசி எண் போன்ற தனித் தகவல்கள்) ஆகிய எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் டீம் லீட் படித்துவிட்டு, "எழுதியதில் தவறே இல்லை, ஆனால் இதை நம்பி ஒரு வரி நிரல் எழுத மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தவறில்லாத ஆவணம் எப்படிப் போதாமல் போகும்?
வாசகர், தரமணி.

பதில்: உங்கள் டீம் லீட் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். நீங்கள் எழுதிய அட்டவணை, ஒருவரைத் தேடி அந்த ஒருவரே கிடைக்கும் நேரத்தை மட்டும் விளக்குகிறது. அந்த நேரத்தில் டெவலப்பருக்கு ஆவணமே தேவைப்படாது. ஒருமுறை அழைத்துப் பார்த்தால் ஜேசன் என்னும் தகவல் வடிவில் வரும் விடையைக் கொண்டே அவர் பாதி விஷயத்தைப் புரிந்துகொள்வார். யாருமே கிடைக்காதபோதும், இரண்டு பேர் கிடைக்கும்போதும், கிடைத்தவரின் விவரத்தைப் பார்க்கக் கேட்டவருக்கு அனுமதி இல்லாதபோதும் கருவி என்ன செய்யும் என்பதை அழைத்துப் பார்த்து எளிதில் தெரிந்துகொள்ள முடியாது. அதை முன்கூட்டியே சொல்வதுதான் ஆவணத்தின் முதல் வேலை.

இதை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனத்தில், இதே போன்ற ஒரு கருவிக்கு நான் ஆவணம் எழுதினேன். "பெயரைக் கொடுத்தால் உறுப்பினரின் விவரம் கிடைக்கும்" என்பது அதில் இருந்த ஒரு வாக்கியம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவரின் விவரத்தை மட்டும் கருவி அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் நிரலைப் படித்திருந்த எனக்கு அது தெரியும், ஆனால் எழுதத் தோன்றவில்லை. இரவுப் பணியில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைக்கும் இன்னொரு மென்பொருளை எழுதிய டீம் என் வாக்கியத்தை நம்பியது. ஓர் இரவு சர்வர் நின்றபோது, வேறு டீமுக்கு மாறிவிட்ட மூத்தவர் ஒருவரின் தொலைபேசிதான் விடியும்வரை அடித்தது; பணியில் இருந்தவருக்கு ஓர் அழைப்பும் போகவில்லை. அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதைப் படித்தவர் ஏமாந்தார். அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே ஆவணத்தில் ஃபீல்டு அட்டவணைக்கு முன்பாகவே, ஒருவர் கிடைத்தால், பலர் கிடைத்தால், யாரும் கிடைக்காவிட்டால் என்ற மூன்று நிலைகளையும் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். ஊழியர் எண் தனித்தன்மை உடையது, அதைக் கொண்டு தேடினால் ஒருவருக்கு மேல் கிடைக்க வழியில்லை. மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான் என்று தோன்றும். ஆனால் வேலையை விட்டுச் சென்றவரின் முகவரியை அதே பெயர் கொண்ட புதியவருக்கு உங்கள் நிறுவனம் கொடுக்குமா என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பெயர் தனித்தன்மை உடையதே இல்லை, ஆகையால் பெயரைக் கொண்டு தேடும்போது விடை எப்போதும் பட்டியலாகவே வரும் என்று வைத்துக்கொள்வதும், அந்தப் பட்டியல் எந்த வரிசையில் இருக்கும் என்பதைச் சொல்வதும் நல்லது.

யாரும் கிடைக்காத நிலையில், அழைப்பு வெற்றி என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு காலிப் பட்டியல் வருமா, கிடைக்கவில்லை என்று பொருள்படும் 404 வருமா என்பதைச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 404-க்கு இரண்டு பொருள் உண்டு என்பதைக் கவனியுங்கள். வலையில் தகவல் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் பொருள் விளக்கத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தர ஆவணம் 2022-இல் வெளிவந்தது. கேட்ட பொருள் சர்வரில் கிடைக்கவில்லை என்றாலும், இருந்தும் இருப்பதாகக் காட்டிக்கொள்ள சர்வர் விரும்பவில்லை என்றாலும், இரண்டுக்கும் 404-ஐப் பயன்படுத்தலாம் என்று அது கூறுகிறது. அனுமதி இல்லை என்பதைச் சொல்ல 403 இருக்கிறது. ஆனால் 403 அனுப்பினாலே "அப்படி ஒருவர் இங்கே வேலை செய்கிறார்" என்ற செய்தி வெளியே போய்விடும் என்பதால் சில நிறுவனங்கள் அந்த இடத்திலும் 404-ஐயே அனுப்புகின்றன. உங்கள் கருவி எதைச் செய்கிறது என்பது ஆவணத்தில் இல்லாவிட்டால், அனுமதிக் கோளாறைப் பெயர்ப் பிழை என்று எண்ணிக்கொண்டு ஒருவர் அரை நாளைத் தொலைப்பார். வேலையை விட்டுச் சென்றவர்களுக்கு, இனி இல்லை என்று பொருள்படும் 410 அனுப்புகிறீர்களா, அல்லது அவர்களும் 404-இல் அடங்குவார்களா என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள். 401 என்பது அழைத்தவர் தான் யார் என்பதைச் சரியாக நிரூபிக்கவில்லை என்று பொருள்படுவது. 403-உடன் அதைக் குழப்பி எழுதிய ஆவணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஃபீல்டுகளின் வெறுமை. ஒருவருடைய தொலைபேசி எண் விடையில் இல்லை என்றால் அது மூன்று விதமாக இருக்கலாம்: அந்த ஃபீல்டே வராமல் போகலாம், நல் (மதிப்பு இல்லை என்பதைக் காட்டும் குறி) என்ற மதிப்போடு வரலாம், இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லாமல் வரலாம். எண் பதிவு செய்யப்படவில்லை என்பதும், எண் இருக்கிறது ஆனால் உங்களுக்குக் காட்டப்படாது என்பதும் வெவ்வேறு செய்திகள். எந்த வடிவம் எந்தச் செய்தியைத் தாங்கி வருகிறது என்பதைப் படிப்பவர் ஊகிக்கும்படி விடக்கூடாது. ஏபிஐகளை விவரிப்பதற்கான தரமான ஓபன்ஏபிஐ வடிவில் விவரணை எழுதுகிறீர்கள் என்றால், 3.0 பதிப்பில் நல்லை அனுமதிக்க ஒரு தனிக் குறிப்பு உண்டு. 2021-இல் வந்த 3.1 பதிப்பில் அது நீக்கப்பட்டு, மதிப்பின் வகைகளில் ஒன்றாகவே நல்லைக் குறிப்பிடும் முறை வந்துவிட்டது. பழைய பதிப்பிலிருந்து மாறும்போது இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

தேதியைப் பற்றி ஒரு சொல். வேலையில் சேர்ந்த தேதியை நேரத்தோடு சேர்த்து யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் அனுப்பினால், இந்திய நேரப்படி 1-ஆம் தேதி நள்ளிரவு என்று பதிவானவர் முந்தைய நாள் மாலை 6.30 மணிக்குச் சேர்ந்தவராக மாறிவிடுவார். நிதியாண்டின் முதல் நாளில் சேர்ந்தவர் சென்ற நிதியாண்டுக்குப் போய்விடுவார். இத்தகைய ஃபீல்டுக்குத் தேதி மட்டும் போதும், அதையும் ஆவணத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஓர் ஊழியர் தகவல் ஏபிஐக்கு ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு ஃபீல்டுகள் கட்டாயமாக உள்ளன. எனக்கும் என்னோடு வேலை செய்யும் பலருக்கும் ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். தமிழில் பதிவான பெயர்களையும் இந்தக் கருவி தேடும் என்கிறார்கள், ஆனால் சில பெயர்கள் கண்ணெதிரே இருந்தும் கிடைப்பதில்லை. இதையெல்லாம் ஆவணத்தில் எழுதலாமா, அல்லது இது டெவலப்பர்களின் பிரச்சினை என்று விட்டுவிடலாமா?
வாசகி, சோழிங்கநல்லூர்.

பதில்: கட்டாயம் எழுதுங்கள் அம்மா. சென்னையில் உட்கார்ந்து இந்த ஆவணத்தை எழுதுபவர் சொல்லாவிட்டால் வேறு எங்கிருந்தும் இது சொல்லப்படாது.

நம் இனிஷியல் பெரும்பாலும் தந்தையின் பெயரின் முதல் எழுத்து. சிலருக்கு ஊரின் பெயரும் முன்னால் சேர்ந்திருக்கும். திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயருக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒரு படிவம் வற்புறுத்தும்போது, ஒருவர் இனிஷியலை மட்டும் இடுகிறார், இன்னொருவர் தந்தையின் முழுப்பெயரை இடுகிறார், மூன்றாமவர் தன் பெயரையே இரண்டு கட்டங்களிலும் இடுகிறார். அதன் பிறகு வெளிநாட்டு டீமிலிருந்து வரும் கடிதங்கள் ஒரு பெண்ணை அவருடைய தந்தையின் பெயரால் விளித்து வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபீல்டை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்றாலும், "கடைசிப் பெயர் என்ற ஃபீல்டில் குடும்பப் பெயர் இருக்கும் என்று கொள்ளக் கூடாது, அது தந்தையின் பெயராகவோ ஓர் எழுத்தாகவோ இருக்கலாம், ஒருவரை விளிப்பதற்குக் காட்சிப் பெயர் என்ற ஃபீல்டையே பயன்படுத்த வேண்டும்" என்று எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அந்த மூன்று வரிகளால் எத்தனையோ பேருடைய பெயர் அவர்களுடையதாகவே இருக்கும். காட்சிப் பெயர் என்ற ஃபீல்டே இல்லை என்றால், அதைச் சேர்க்கச் சொல்லி ஏபிஐ டீமிடம் வாதாடுங்கள்; எழுதுபவர் கேட்டு மாறிய ஏபிஐகள் நிறைய உண்டு.

கண்ணெதிரே இருந்தும் பெயர் கிடைக்காமல் போவதற்குக் காரணம், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இருக்கிறது. 'கோமதி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. கணினியில் ககரம், ஓகாரக் குறி, மகரம், தகரம், இகரக் குறி என்று ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 15 பைட். அதே ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்க யூனிகோடு இடம் கொடுக்கிறது. அப்படிச் சேமித்தால் ஆறு குறியீடுகள், 18 பைட். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். என்எஃப்சி என்னும் இயல்பாக்க முறையில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேடினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். உங்கள் கருவி அப்படிச் செய்கிறதா என்று டெவலப்பரிடம் கேட்டு, விடை எதுவாக இருந்தாலும் அதை எழுதுங்கள். 'பெயரின் நீளம் 50-க்கு மிகக் கூடாது' என்று ஆவணத்தில் வெறுமனே இருந்தால், 50 எழுத்தா, 50 குறியீடா, 50 பைட்டா என்பதையும் கேளுங்கள்; பைட் என்றால் தந்தை பெயரோடு சேர்ந்த தமிழ்ப் பெயர் பல நேரங்களில் பாதியில் அறுந்துவிடும்.

என்எஃப்சியாலும் தீராத ஒன்று 'ஸ்ரீ'. இதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட இன்னொரு கிரந்த சகரத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தோன்றினாலும் இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ஸ்ரீயில் தொடங்கும் பெயர் இல்லாத அலுவலகம் சென்னையில் இருக்குமா? ஆகவே இதற்குக் கருவியே தனி ஏற்பாடு செய்திருக்க வேண்டும்; செய்யவில்லை என்றால், 'இத்தகைய பெயர்களை ஊழியர் எண்ணைக் கொண்டு தேடுக' என்று ஆவணம் எச்சரிக்க வேண்டும். ழகரப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெருங்கிய பெயர்களையும் தேடல் கொண்டுவருமா, எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் கொண்டுவருமா என்பது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய செய்திதான்.

கேள்வி: ஆவணத்தில் மாதிரி விடை ஒன்றைக் காட்ட வேண்டும். என் டீமில் இருப்பவரின் உண்மையான விவரத்தையே வைத்துவிடலாமா? அவர் சம்மதிக்கிறார்.
வாசகர், அம்பத்தூர்.

பதில்: வேண்டாம். ஆவணம் இன்று உள் வலையில் இருக்கும், நாளை வாடிக்கையாளருக்கு அனுப்பும் கோப்பில் இருக்கும், அதற்கடுத்த நாள் யாரோ ஒருவரின் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும். இன்று சம்மதிக்கும் நண்பர் மூன்று ஆண்டுகள் கழித்து வேறு வேலைக்குப் போன பிறகும் அவருடைய கைபேசி எண் அங்கேயே இருக்கும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. மாதிரிக்கென்றே எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரி 1999 முதல் ஆர்எஃப்சி 2606-இன் கீழ் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். தொலைபேசி எண்ணுக்குப் பூஜ்ஜியங்களை இடுங்கள். யாருக்காவது சொந்தமாக இருக்கக்கூடிய பத்து இலக்கங்களைக் கற்பனையில் தட்டாதீர்கள்.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்கிறேன். மின்னஞ்சல் முகவரியை யூஆர்எல்லில் வைத்துத் தேடும்படி கருவி அமைந்திருந்தால், அந்த முகவரி சர்வரின் லாகில் (அழைப்புகளின் பதிவேட்டில்) பதிவாக வாய்ப்பு அதிகம். மாதிரி அழைப்பைக் காட்டும் பக்கத்திலேயே அந்த எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும்.

கேள்வி: எங்கள் உறுப்பினர் தேடல் கருவியை இப்போது ஏஐ உதவியாளரும் எம்சிபி வழியாக அழைக்கிறது. மனிதர்களுக்கு எழுதிய ஆவணமே அதற்கும் போதுமா?
வாசகர், சிறுசேரி.

பதில்: எம்சிபி, ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் வெளியான ஒரு நெறிமுறை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும் ஸ்கீமா ஆகியவை இருக்கும். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதிய ஆவணம் மாடலின் கண்ணில் தானாகப் படாது. அந்தச் சிறிய விளக்கத்தைப் படித்துத்தான் இந்தக் கருவியை அழைப்பதா வேண்டாமா என்று அது முடிவு செய்கிறது. ஆகவே "டீம் உறுப்பினரின் விவரத்தைப் பெறும்" என்று நிறுத்திக்கொள்ளாமல், எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது என்பதை அந்த விளக்கத்துக்குள்ளேயே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "ஊழியர் எண் தெரிந்திருந்தால் அதையே அனுப்புக. பெயரால் தேடும்போது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கிடைத்தால் நீயாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், கிடைத்தவர்களின் டீம் பெயரைச் சொல்லி யார் என்று பயனரிடம் கேட்க. விடுப்பு, சம்பளம் பற்றிய கேள்விகளுக்கு இந்தக் கருவியில் விடை இல்லை."

நடுவில் உள்ள அந்த வாக்கியத்தை மிக முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டு கார்த்திக் இருந்தால் மனிதர் தயங்கி நிற்பார். மாடல் முதலில் இருப்பவரை எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு விடை சொல்லிவிடக்கூடும். நான் முதல் பதிலில் சொன்ன தவறு அங்கே மீண்டும் நடக்கும், இந்த முறை யாருக்கும் தெரியாமல் நடக்கும். யாரும் கிடைக்காதபோது திரும்பி வரும் செய்தியையும் வாக்கியமாகவே அமையுங்கள். 404 என்ற எண்ணைவிட, "இந்தப் பெயரில் தற்போது பணியில் இருப்பவர் யாரும் இல்லை, மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு மீண்டும் தேடுக" என்ற செய்தியைக் கொண்டு மாடல் சரியான அடுத்த அடியை எடுத்து வைக்கும்.

உறுப்பினர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளும் அறிமுகக் குறிப்பு போன்ற ஃபீல்டு இருந்தால், அதில் யாரேனும் மாடலுக்குக் கட்டளையிடும் வாக்கியத்தை எழுதி வைக்க முடியும். தேவையில்லை என்றால் அந்த ஃபீல்டை ஏஐக்கு அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு. அனுப்பத்தான் வேண்டும் என்றால், அது உறுப்பினர் எழுதிய உரை, கட்டளையாகக் கொள்ளத் தகாதது என்று ஆவணத்திலும் விளக்கத்திலும் குறித்துவிடுங்கள்.

கேள்வி: எழுதி முடித்த ஆவணம் தேறுமா என்பதை எப்படிச் சோதிப்பது? படிக்கிற எல்லோருமே "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள்.
வாசகி, கிண்டி.

பதில்: படித்துப் பார்க்கச் சொன்னால் அந்த விடைதான் வரும். அந்தக் கருவியை இதுவரை தொடாத ஒருவரிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரே பெயரில் இருவர் உள்ள டீமில் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும், சென்ற மாதம் வேலையை விட்டவரைத் தேட வேண்டும், தனக்கு அனுமதி இல்லாத ஒருவரின் எண்ணைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அழைப்பதற்கு முன்பே என்ன விடை வரும் என்பதை அவர் தாளில் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் எழுதியதும் கருவி தந்ததும் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் எழுதுங்கள். கருவி மாறும்போதெல்லாம் இதே மூன்றையும் தானியங்கிச் சோதனையாக ஓட்டும்படி டெவலப்பரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால், ஆவணத்தில் உள்ள மாதிரி விடை பழையதாகிப்போன அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.